எஞ்சினில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

உழவுக்கும் இறைப்புக்கும் இயந்திரத்தின் துணையை நாடாத கிராமம் இன்று அரிது. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை இயந்திரம், மின்சாரம் எட்டாத இடங்களில் டீசல் எஞ்சின் என்று பலவும் நம் வயல்களில் ஓடுகின்றன. டீசல் தீர்ந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆதலால் டீசலை எவரும் மறப்பதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் குறைந்தாலோ எஞ்சின் உடனே நிற்பதில்லை. சற்று நேரம் முன்போலவே உழுதுகொண்டிருக்கும். பின்னர் நிற்கும்போது சிலிண்டர் தலை கோணியோ, பிஸ்டன் இறுகியோ நிற்கும். நடவுக்குச் சேறு கலக்கும் வாரத்தில் இது நேர்ந்தால், பழுது பார்க்கும் செலவைவிடப் பருவம் தவறுவதால் வரும் நட்டமே பெரிதாகும்.

இக்கேடு பெரும்பாலும் ஒரு சிறு கசிவில் தொடங்குகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் டிராக்டரையோ உழவர் குழுவொன்றின் பொது டிராக்டரையோ எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் ஓட்டுபவர் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் சற்றுக் குறைந்திருக்கக் கண்டு ஒரு செம்பு ஊற்றுகிறார். மறுநாள் ஓட்டுபவர் வேறொருவர். அவரும் ஒரு செம்பு ஊற்றுகிறார். மூன்றாம் நாள் மற்றொருவர். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்துவிட்டதாகவே கருதுகின்றனர். ஆனால் மூன்று நாளில் மூன்று செம்பு தண்ணீர் காணாமற்போனது என்பதை அறிந்தவர் ஒருவரும் இலர். தண்ணீர் குறைந்தவிடத்து ஊற்றுவது பராமரிப்பில் பாதிதான். குறைந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று கண்டறிவது மற்றொரு பாதி. மூடியிட்ட ரேடியேட்டரில் தண்ணீர் தானாகக் குறைவதற்கு வழியே இல்லை. குறைந்தது என்றால் அது வெளியே கசிந்திருக்க வேண்டும். அல்லது எஞ்சினுக்குள்ளேயே புகுந்திருக்க வேண்டும்.

தண்ணீர் செய்யும் வேலை

எஞ்சினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நமக்கு உழவாகவும் இறைப்பாகவும் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் ஒரு கணம் 2000 டிகிரி சென்டிகிரேடு வரை போகும். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் வெப்பத்தை இடைவிடாது வாங்கிச் செல்வதனாலேயே பிஸ்டன் தப்புகிறது. வெப்பத்தை ஏற்பதில் தண்ணீருக்கு நிகரான எளிய பொருள் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ இரும்பை ஒன்பது டிகிரி சூடாக்கிவிடலாம்.

காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின்களும் உண்டு. 1959-ஆம் ஆண்டில் பரீதாபாத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய எய்ச்சர் டிராக்டர்கள் அவ்வகை எஞ்சினுக்குப் பெயர் பெற்றவை. அவற்றுக்கு இக்கட்டுரையில் வேலையில்லை.

தண்ணீரால் குளிரும் நிலை எஞ்சின்களில் மூன்று முறைகளைக் காணலாம். எஞ்சினின் மேலேயே திறந்த தொட்டி அமைந்து, தண்ணீர் ஆவியாகிக் குளிர்விப்பது ஒன்று. இதில் தண்ணீர் நாள்தோறும் குறைவது இயல்பே. அதைக் கசிவென்று எண்ணி அஞ்ச வேண்டாம். பக்கத்தில் பெரிய தொட்டியை நிறுத்தி இரண்டு குழாய்களால் எஞ்சினோடு இணைப்பது மற்றொன்று. சூடேறிய தண்ணீர் இலேசாகி மேற்குழாய் வழியே தொட்டிக்கு ஏற, குளிர்ந்த தண்ணீர் கீழ்க்குழாய் வழியே எஞ்சினுக்கு வரும். பம்பு எதுவும் தேவையில்லை. நிமிடத்திற்கு 650 சுற்றுச் சுழலும் பழைய லிஸ்டர் வகை எஞ்சின்களை வைத்திருந்தோர் இதனை நன்கறிவர். இதில் ஒரு நுட்பம் உண்டு. தொட்டித் தண்ணீர் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் ஓட்டம் அக்கணமே அறுந்துவிடும். தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் நிற்கும், எஞ்சினோ கொதிக்கும். 'தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் எஞ்சின் சூடேறுகிறதே' என்று மெக்கானிக்கைத் தேடி ஓடுவதற்கு முன் மேற்குழாயின் வாய் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாயைப் பிரித்து எஞ்சினுக்குள் செலுத்தி, வெளியே வாய்க்காலில் விடுவது. இங்கே நேரும் குற்றம் தலைகீழானது. தண்ணீர் ஏராளமாகக் கிடைப்பதால் குழாயை முழுதும் திறந்துவிடுகின்றனர். எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முற்றும் எரிவதில்லை. எரியாத டீசல் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். டீசலிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கும். ஆகவே வெளிவரும் தண்ணீரில் கையைச் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாத அளவு சூடு இருக்குமாறு வால்வைக் குறுக்கி வைப்பதே முறை.

டிராக்டரில் உள்ளது ரேடியேட்டர் முறை. பம்பு தண்ணீரைச் சுழற்றுகிறது. விசிறி காற்றை இழுக்கிறது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு வால்வு தண்ணீர் போதிய சூடேறும் வரை அதனை எஞ்சினுக்குள்ளேயே நிறுத்தி, பின்னர் ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிறது. பல எஞ்சின்களில் இது 82 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும். நம் நாட்டு வெயிலுக்கு இது வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அது தவறு. மேலே கூறிய குளிர்ச்சிக் கேடுகள் அனைத்தும் அந்த எஞ்சினைப் பற்றும். தெர்மோஸ்டாட் மீது ஐயம் எழுந்தால், அதனை நூலில் கட்டி, அடியைத் தொடாதபடி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியை உடன் வைத்துச் சூடேற்றிப் பார்க்கலாம். தன் மேல் பொறித்த அளவில் அது திறக்கவில்லையானால் புதியதை இடுதல் வேண்டும்.

கசிவைத் தேடும் முறை

வெளிக்கசிவைத் தேட உகந்த வேளை விடியற்காலை. சூட்டில் விரிந்து இறுகியிருந்த கிளிப்புகளும் ரப்பர் ஹோஸ்களும் இரவில் சுருங்குகின்றன. பகலில் கசியாத இடம் இரவில் கசியும். முதல் நாள் மாலை எஞ்சினுக்கு அடியில் உலர்ந்த அட்டையையோ பழைய செய்தித்தாளையோ பரப்பி வைத்தால், காலையில் ஈரம் விழுந்த இடம் நமக்கு வழிகாட்டும். விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்று முடிவு செய்துவிடலாகாது. தண்ணீர் இரும்பின் மேல் வழிந்து, மிகத் தாழ்ந்த முனைக்கு வந்த பிறகே சொட்டும். ஈரத்தைப் பின்பற்றி மேலே மேலே செல்லுதல் வேண்டும்.

மற்றொரு வகைக் கசிவு சூடேறி அழுத்தம் கூடிய பின்னரே தோன்றும். அது வெந்த இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாது. ஆனால் தண்ணீரிலிருந்த உப்பு அங்கே தங்கும். வெள்ளைப் பூப்போன்ற படிவு, துருக்கோடு, கூலண்ட் ஊற்றிய எஞ்சினானால் பச்சையோ சிவப்போ ஆன கறை ஆகிய இவையே அடையாளம். எஞ்சினைக் கழுவித் துடைத்து வைத்திருப்பவர்க்கே இக்கறைகள் கண்ணிற்படும். சேறும் ஆயிலும் அப்பிய எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண் வேலை.

ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெடிப்புக் கண்டதும், ஊறி மெத்தென்று ஆனதும், கிளிப்பின் அருகே புடைத்ததும் மாற்றத் தக்கவை. கீழ் ஹோஸைப் பலர் பார்ப்பதேயில்லை. குனிந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கசியும் கிளிப்பை மேன்மேலும் முறுக்குவதும் நன்றன்று. அது ரப்பரை அறுத்துவிடும்.

தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். பம்பின் உட்புற முத்திரை தேய்ந்தால் தண்ணீர் அதன் வழியே சொட்டும். இத்துளை பழுதன்று, பழுதை அறிவிப்பதற்கென்றே செய்தவர் விட்ட வழி. சொட்டுவதைக் கண்டு இத்துளையை மெழுகாலோ பசையாலோ அடைத்துவிடுவோர் உளர். அடைத்தால் வெளியேற வழியற்ற தண்ணீர் பேரிங்குக்குள் புகும்; பேரிங் உடைந்தால் விசிறி அசைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடக்கூடும். துளை சொட்டத் தொடங்கியதும் முத்திரையையோ பம்பையோ மாற்றுவதே குறைந்த செலவு.

ரேடியேட்டர் மூடியும் ஒரு கருவியே. வெறும் மூடியென்று அதனை எண்ணிவிடலாகாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல் மட்டத்தில்தான். 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடியிலுள்ள வில் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் கொதிநிலை உயர்கிறது. 7 பவுண்டு என்று பொறித்த மூடி கடல் மட்டத்தில் அதனை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்த்தும். வில் தளர்ந்தாலும் ரப்பர் வளையம் கிழிந்தாலும் தண்ணீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும். இது கசிவைப் போன்றே தோன்றும். ஆயினும் எங்கும் ஓட்டை அகப்படாது. மூடியில் உள்நோக்கித் திறக்கும் சிறு வால்வும் ஒன்றுண்டு. எஞ்சின் ஆறியபின் ஹோஸ் உட்சுருங்கித் தட்டையாகக் கிடந்தால் அவ்வால்வு அடைபட்டது என்று அறியலாம். தொலைந்த மூடிக்கு மாற்றாக ஏதேனும் ஒரு மூடியை இட்டு ஓட்டுவது கூடாது. அதே அழுத்தம் பொறித்த மூடியே வேண்டும்.

இவை யாவும் பார்த்த பின்னும் கசிவு அகப்படாவிடில், அழுத்தமானி பொருத்திய கைப்பம்பைப் பட்டறையில் கேட்டல் வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கையில் மூடியின் இடத்தில் அதனை இட்டு, மூடியில் பொறித்த அளவுக்கு மிகாமல் காற்றடித்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால், முள் இறங்குகிறதா என்பது தெரியும். பல டிராக்டர்களை வாடகைக்கு விடும் சங்கங்கள் இத்தகைய கருவி ஒன்றைச் சொந்தமாகவே வைத்திருப்பது தகும்.

உள்ளே போகும் தண்ணீர்

முள் இறங்குகிறது, வெளியே ஈரமில்லை என்றால் தண்ணீர் எஞ்சினுக்குள் செல்கிறது. இதுவே அஞ்சத் தக்கது. சிலிண்டர் தலைக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட் எரிந்திருக்கலாம். தலையில் வெடிப்புக் கண்டிருக்கலாம். லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் தளர்ந்திருக்கலாம். இவற்றைத் திறந்து பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. ஆனால் ஐயத்தை உறுதிப்படுத்திக்கொள்ள விவசாயியே சில சோதனைகளைச் செய்யலாம்.

எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைக் கிளப்புங்கள். முதலில் ஓரிரு குமிழிகள் வருவது இயல்பு. குமிழி ஓயாமல் வந்துகொண்டேயிருந்தால் எரிவாயு கேஸ்கட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். புகைக்குழாயில் எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்ணிற ஆவி நில்லாமல் வந்தால், தண்ணீர் சிலிண்டருக்குள் புகுகிறது. ஆயில் அளவுகோலை உருவிப் பார்க்கையில் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தால், தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது. அதன்பின் ஒரு சால்கூட உழலாகாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது.

ஆயில் இன்னும் வெளுக்காத தொடக்க நிலையைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. இரவு முழுதும் எஞ்சின் அசையாமல் நின்றால், கலந்த தண்ணீர் ஆயில் தொட்டியின் அடியில் தங்கும். காலையில் எஞ்சினைக் கிளப்பாமல், அடித் திருகை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். ஆயிலுக்கு முன் தண்ணீர் வந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதன் மேல் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, உள்ளிருப்பதை வெளியேற்றிய பின்னரே மேற்கொண்டு எதையும் செய்தல் வேண்டும்.

ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றும் வழக்கமும் உண்டு. நடுவழியில் நின்ற வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்க அது உதவக்கூடும். ஆனால் ஓட்டை எது, நுண்ணிய குழாய் எது என்று அந்தத் தூளுக்குத் தெரியாது. இரண்டையும் அடைத்துவிடும்.

எந்தத் தண்ணீர்?

ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றுவதால் சுண்ணாம்புப் படிவு ஏற்படும். சோறு வடிக்கும் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே இதுவும். இரும்பு கடத்தும் வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட இப்படிவு சரிவரக் கடத்தாது. ஆகையால் தண்ணீர் நிறைய இருந்தும் சிலிண்டர் சுவர் வேகும். கசிவுக்கும் இதற்கும் தொடர்புண்டு. கசியக் கசியப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். ஊற்றுந்தோறும் புதுச் சுண்ணாம்பும் உள்ளே போகிறது. கசிவில்லாத எஞ்சினில் ஒருமுறை ஊற்றிய தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு ஒருமுறையே படியும்.

சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீர் உப்பு நீரைவிட மேல். காய்ச்சி வடித்த நீர் அதனினும் நன்று. படிந்த சுண்ணாம்பைச் சலவைச் சோடாவாலோ அமிலத்தாலோ கரைக்க முற்படுவோர், எஞ்சினில் அலுமினியப் பகுதி உண்டா என்று முதலில் கேட்டறிய வேண்டும். இரண்டும் அலுமினியத்தைத் தின்னக் கூடியவை.

ரேடியேட்டரின் வெளிப்புறத்தைக் கழுவுவதிலும் முறையுண்டு. வைக்கோல் தூளும் பதரும் முன்புறத்திலிருந்து காற்றோடு வந்து அடைவதால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்தால்தான் அவை வெளியேறும். விசை மிகுந்த பீச்சல் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். சாதாரண ஹோஸ் போதும். அறுவடைக் காலத்தில் இதனை நாள்தோறும் செய்தல் வேண்டும்.

வயலில் சூடேறினால்

வெப்பமானியின் முள் சிவப்புக்கு ஏறினால் கலப்பையைத் தூக்கிச் சுமையை விடுவித்து, எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிடலாம். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை இது பொருந்தும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டிவிட்டதைக் கண்டால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். முள்ளை நம்பியும் இருக்க முடியாது. முள்ளை இயக்கும் உணர்வுக் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுதும் போய்விட்ட எஞ்சினில், உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். ஏறிய முள் காரணமின்றி இறங்கினால் மகிழாமல் எஞ்சினை நிறுத்துங்கள்.

சூடாக உள்ள ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதால் நேரும் விபத்து மிகக் கொடியது. அழுத்தம் நீங்கிய கணமே 100 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீர் முழுதும் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிற அளவு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு தடித்த துணியை இட்டு, முகத்தை அகற்றி வைத்துக்கொண்டு, முதல் கொக்கி வரை மட்டும் திருகி ஆவியை விட்டு, பின்னரே முழுதும் திறக்க வேண்டும். காத்திருக்க மனமின்றி வெந்த எஞ்சினில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றினால் பிளாக் வெடித்துவிடும். யாரேனும் வெந்நீர் பட்டுவிட்டால், வெந்த இடத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விட்டுக்கொண்டே இருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மை, மாவு, எண்ணெய், பற்பசை இவற்றைத் தடவக் கூடாது.

ஊற்றிய அளவை எழுதுதல்

பொது இயந்திரம் வைத்துள்ள சங்கத்தாரும், அவற்றை மேற்பார்வையிடும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் ஒரு குறிப்பேட்டை டிராக்டரிலேயே வைக்கச் செய்யலாம். தேதி, மணிமானியின் எண், ஊற்றிய தண்ணீரின் அளவு, ஊற்றியவர் பெயர் ஆகிய நான்கு பத்திகள் போதும். அளப்பதற்கென்று ஒரே லிட்டர்க் குவளையை உடன் கட்டி வைக்க வேண்டும். ஒருவர் செம்பும் மற்றவர் குடமும் கொண்டு ஊற்றினால் கணக்கு நிற்காது. ஒன்றும் ஊற்றாத நாளிலும் சுழி இட்டு எழுதுவது அவசியம். எழுதாத நாளுக்கும் ஊற்றாத நாளுக்கும் வேறுபாடு தெரிய வேண்டுமல்லவா? சுழிகளாக வந்துகொண்டிருந்த பத்தியில் கால் லிட்டர், அரை லிட்டர் என்று எண்கள் தோன்றத் தொடங்கும்போது, ஓட்டுநர் எத்தனை பேர் மாறினாலும் கசிவு ஏட்டில் தெரிந்துவிடும். வண்டியைப் பருவத்துக்கு முன்பே பட்டறைக்கு அனுப்பிவிடலாம்.

கூலண்ட் பற்றி ஓர் எச்சரிக்கை

இக்காலத்து டிராக்டர்களில் வெறும் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் ஊற்றுமாறு செய்தவர்கள் கூறுகின்றனர். அது துருவைத் தடுக்கும். கொதிநிலையையும் சற்று உயர்த்தும். ஆகவே அது குறைந்தவிடத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்யலாகாது. எஞ்சினுக்குரிய கையேட்டில் சொன்ன வகையையே ஊற்ற வேண்டும். வெவ்வேறு வகைகளைக் கலத்தலும் கூடாது.

ஆனால் பெரும்பாலான கூலண்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள் இருக்கிறது. அது கடும் நஞ்சு, சுவையோ இனிப்பு. களத்து மேட்டில் வடித்துவிட்ட பச்சை நீரை நாயும் கன்றும் நக்கிக் குடிக்கும். குழந்தைகளும் கை நனைத்து வாயில் வைக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதுமானது. வாயால் உறிஞ்சிக் குழாயில் இறக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். குடித்துவிட்டதாக ஐயம் எழுந்தால், மயக்கம் வரட்டும் என்று காத்திராமல் மனிதரை மருத்துவமனைக்கும் விலங்கைக் கால்நடை மருத்துவரிடமும் உடனே கொண்டு சேர்த்து, கூலண்ட் டப்பாவையும் உடன் எடுத்துச் சென்று காட்டுங்கள். வடித்த பழைய கூலண்டை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், பெயர் எழுதி ஒட்டிய இறுக்கமான கேனில் ஊற்றிப் பூட்டிய அறையில் வைத்து, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது ஒப்படைத்துவிட வேண்டும். குடிநீர்ப் பாட்டிலில் மட்டும் அதனை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.